கை நடுங்குது, மாவு பொங்குமா?

வீட்டிலேயே பன் செய்ய ஆசை. ஆனால், ஈஸ்ட் பாக்கெட்டைப் பார்த்தாலே கை நடுங்குகிறதே? (வாசகி, திருச்சி)

தினமும் ராத்திரி இட்லி மாவைக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்களே, அப்போது நடுங்காத கையா இது? பயப்பட வேண்டியது ஈஸ்ட்தான், உங்கள் கொதிநீரைப் பார்த்து! 60 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அதற்குச் சங்குதான். வெதுவெதுப்பான நீரில் சிட்டிகை சர்க்கரையோடு கரைத்து வையுங்கள். பத்து நிமிடத்தில் நுரைத்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். நுரைக்காவிட்டால் நஷ்டம் ஒரு ஸ்பூன் ஈஸ்ட், மைதா தப்பித்தது.

நுரைத்த பிறகும் மாவு உப்பாவிட்டால்? (அதே வாசகி. விட மாட்டார் போலிருக்கிறது!)

கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். சித்திரையில் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். மார்கழியில் அதுவும் நம்மைப் போல சோம்பேறி. கதகதப்பான மூலையில் மூடி வைத்துவிட்டு ஒரு சினிமா பாருங்கள்.

கேவலம் ஒரு பூஞ்சை, அதற்கு இத்தனை உபசாரமா? (வாசகியின் கணவர்)

ஜப்பானின் யோஷினோரி ஓசுமி அந்தப் பூஞ்சையை ஆராய்ந்துதான் 2016-இல் மருத்துவ நோபல் வாங்கினார். உங்கள் மனைவி கேட்பது வெறும் பன். மாவு பிசைய நீங்கள் எழுந்திருக்கிறீர்களா?