எந்தத் தெருவில் இருக்கிறது தெரியாத சென்னை?

வாசகர், அம்பத்தூர்: யாருக்கும் தெரியாத சாப்பாட்டுக் கடை ஒன்று சொல்லுங்களேன்?

யாருக்கும் தெரியாத கடை இந்நேரம் மூடியிருக்கும்! நமக்குத் தெரியாத கடை என்று கேளுங்கள், சொல்கிறேன். மயிலாப்பூர் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல் இருக்கிறது. இட்லி, பொங்கல், வடை, பஜ்ஜி எல்லாம் அந்தக் கம்பிகளுக்கு நடுவே கை மாறும். ஊர் வைத்த பெயர் 'ஜன்னல் கடை'. போகிறவர்கள் பலகையைத் தேட வேண்டாம். தட்டேந்தி நிற்கும் கூட்டத்தைத் தேடுங்கள்.

வாசகி, தாம்பரம்: புது ஏரியாவில் நல்ல கடையைக் கண்டுபிடிக்க என்ன வழி?

கேள்வியை மாற்றிக் கேட்பதுதான் வழி. ஆட்டோ ஸ்டாண்டில் "நல்ல ஓட்டல் எது?" என்றால் பெரிய ஓட்டலுக்கு வழி சொல்வார்கள். "அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் சந்துக்குள் இருக்கும் கடைக்கு வழி கிடைக்கும்.

வாசகர், வேலூர்: பர்மா பஜார் பக்கம் 'அத்தோ' விற்கிறார்களே, அது நம்ம ஊர்ச் சாப்பாடா?

இப்போது நம்ம ஊர்ச் சாப்பாடுதான். ஆனால் கப்பலேறி வந்தது. வயலுக்கும் வியாபாரத்துக்கும் கூலி வேலைக்கும் பர்மா போன தமிழர்கள் அங்கேயே தலைமுறை கண்டார்கள். 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேர்த்த சொத்தை விட்டுவிட்டுத் திரும்பின. அவர்கள் பிழைக்க 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உருவானதுதான் பர்மா பஜார். சொத்தைக் கொண்டுவர முடியவில்லை, கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார்கள்.

மாலையில் போங்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறு பலகாரத்தை நொறுக்கிப் போடுவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம் திணித்தும் தருவார்கள். ஒரு தட்டு அத்தோவில் ஒரு சனத்தின் கதையே இருக்கிறது. அந்தக் கதை தெரிந்து சாப்பிடுகிறவருக்கு ருசி கூடும்.

வாசகர், கும்பகோணம்: பாரிமுனையில் 'அரண்மனைக்காரன் தெரு' பார்த்தேன். அரண்மனையைத்தான் காணோம்?

அங்கே இருந்தவர்கள் ஆர்மீனியர்கள். 'ஆர்மீனியன் தெரு' நம் வாயில் புகுந்து அரண்மனை கட்டிக்கொண்டது! வணிகத்துக்கு வந்தவர்கள் 1772-இல் எழுப்பிய மாதா கோயில் இன்றும் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் அச்சானதும் இதே சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் அந்தக் கோயில் வளாகத்திலேயே உறங்குகிறார். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கும் நான், அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தேன்.

வாசகி, வேளச்சேரி: மால்கள் அலுத்துவிட்டன. வேறு எங்கே கடை பார்ப்பது?

ஜார்ஜ் டவுனில். அங்கே ஒரு தெருவே ஒரு கடை. துணிக்கு கோடவுன் தெரு, காகிதத்துக்கு ஆண்டர்சன் தெரு, கண்ணாடிக்கு தேவராஜ முதலி தெரு. ஆண்டர்சன் தெருவில் தாளை விரலிடுக்கில் தேய்த்தே கனம் சொல்லும் பெரியவர்கள் உண்டு. வாங்கும் அவசரமில்லாமல் "இது எப்படிங்க தெரியுது?" என்று கேட்டுப் பாருங்கள், பாடமே நடத்துவார்கள். ஞாயிறன்று போகாதீர்கள், பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை.

வாசகர், திருவள்ளூர்: ஓவியம் பார்க்க ஆசை. கேலரிக்குள் நுழையக் கூச்சம்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையைக் கூச்சமில்லாமல்தானே பார்த்தீர்கள்? அதைச் செய்த தேவிபிரசாத் ராய் சவுத்ரி, 1850-இல் தொடங்கிய நம் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். பின்னாளில் அதே பொறுப்பிலிருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் தன் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். படம் விற்று வயிறு நிறையாத காலம் அது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் வாழ்ந்துகொண்டு வரைந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குப் பறக்கும்போது வழியில் ஒரு மணி நேரம் இறங்குங்கள்.

வாசகி, போரூர்: படம் புரியவில்லை என்றால்?

பாட்டு புரிந்தா தாலாட்டில் தூங்கினோம்? பிடித்த ஒரு படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள், போதும்.

வாசகர், காஞ்சிபுரம்: எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பார்த்தாச்சு. இன்னொரு தடவை எதற்கு?

அப்போது வரிசையில் ஓடினீர்கள். இப்போது வெண்கலக் கூடத்துக்கு மட்டும் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரருக்கு வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. வலத்தோளின் கம்பீரம் எங்கே முடிந்து இடையின் நெளிவு எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். கோடு கிடைக்காது. சோழச் சிற்பி அதை மறைத்த இடத்தில்தான் கலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள்.

வாசகி, ஆவடி: நல்ல இடங்களை வெளியே சொன்னால் கூட்டம் வந்து கெட்டுவிடாதா?

கூட்டம் வந்து மூடிய கடையைவிட, ஆள் வராமல் மூடிய கடைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தாராளமாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள், பேரம் பேசுமுன் பொருளுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நினையுங்கள்.

வாசகர், பெரம்பூர்: ஒரு இடத்துக்கு ஒரு தடவை போனால் போதாதா?

போதாது. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகும், பக்கத்து லில்லி பாண்ட் வளாகத்தில் பழைய புத்தகக் கடைகள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. முதல் தடவை போனபோது நான் கேட்ட புத்தகம் இல்லை. கடைக்காரர், "அடுத்த வாரம் வாங்க, தேடி வைக்கிறேன்" என்றார். அடுத்த வாரம் போனேன், எடுத்து வைத்திருந்தார். முதல் நாளில் நாம் கடையைக் கண்டுபிடிக்கிறோம். அடுத்த முறை போகும்போதுதான் கடை நம்மைக் கண்டுபிடிக்கிறது.