ஒரே பாட்டு, நாலு கலர்

ஆளைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். வயது நாற்பத்தைந்து, மழித்த தலை, மணிக்கட்டிலிருந்து தோள்வரை பச்சை குத்தியது, கறுப்பு பனியனில் பல்லை இளிக்கும் மண்டையோடு. பாஸ்டன் பக்கத்துப் புறநகர்த் தெருவில் இவர் எதிரே வந்தால் நாம் பேசாமல் அந்தப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவோம். மாற வேண்டாம். மனிதர் தபால்காரருக்காகக் காத்திருக்கிறார். வரப்போவது ஒரு இசைத்தட்டு. அட்டையின் மூலை மடங்கியிருக்குமோ என்ற கவலையில் காலையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இவரைப் பாட்டுப் பிரியர் என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டை இவர் போனில்தான் கேட்கிறார். தட்டு வாங்குவது வேறு இலாகா.

ஹார்ட்கோர் பங்க், மெட்டல் குழுக்களின் தட்டுகளைப் போடுகிற சின்னக் கம்பெனி ஒன்று ஆயிரம் பிரதி அழுத்துகிறது என்று வையுங்கள். நூறு சிவப்பு, முந்நூறு நீலம், மீதி கறுப்பு. பாட்டு ஒன்றுதான், தொண்டை கிழியக் கத்துகிற ஆளும் ஒருத்தர்தான். ஆனாலும் சிவப்பு இல்லாத வீட்டில் இவருக்குத் தூக்கம் வராது. சிவப்பு வந்துவிட்டால் அது தனியாக நிற்கிறதே என்று நீலம். இரண்டும் வந்தபின் கறுப்பை மட்டும் விட்டால் செட் மூளியாகிவிடும். ஜவுளிக்கடையில் ஒரே டிசைனை வாடாமல்லியிலும் மயில்கழுத்திலும் அரக்கிலும் விரித்துப் போடச் சொல்லுகிற நம் பெரியம்மாவாவது கடைசியில் ஒன்றைத்தான் எடுப்பாள். எடுத்ததைக் கட்டவும் செய்வாள்.

வினைல் பிறவியிலேயே கறுப்பு அல்ல. கரித்தூள் சேர்ப்பதால்தான் கறுக்கிறது. சாயத்தை மாற்றினால் நிறம் மாறும், சங்கதி அவ்வளவுதான். சூட்டில் இளகிய வினைல் உருண்டைமேல் வேறு நிறக் குருணையைத் தூவி அழுத்தினால், சுவரில் வெற்றிலை துப்பினது மாதிரி தெறிக்கும். அதற்கு ஸ்பிளாட்டர் என்று பெயர், விலையும் கூடுதல். ஒவ்வொரு தட்டிலும் தெறிப்பு வேறு என்பதால், "உலகத்திலேயே இது ஒன்றுதான்" என்று நம்மிடம் நீட்டுவார். மற்ற தொண்ணூற்றொன்பது பேரிடம் இருப்பதும் அப்படித்தானே என்று கேட்டு வைக்காதீர்கள். முகம் சுண்டிவிடும்.

இந்தச் சங்கீதம் கிளம்பிய இடத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு தாங்காது. 1980-ல் இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் வாஷிங்டனில் டிஸ்கார்ட் கம்பெனியைத் தொடங்கியபோது இருவருக்கும் மீசை அரும்பும் வயது. கடைக்காரர்கள் கூட்டி விற்காதபடி பல தட்டுகளின் அட்டையிலேயே மலிவு விலையை அச்சடித்து விற்ற கம்பெனி அது. 1981-ல் அங்கே வந்த மைனர் த்ரெட் குழுவின் முதல் தட்டில் எட்டுப் பாட்டு, மொத்தமே பத்து நிமிடத்துக்குள். அதிலொரு பாட்டின் பெயரை வைத்துத்தான் குடிக்காதே, புகைக்காதே என்கிற ஸ்ட்ரெயிட் எட்ஜ் விரதம் பரவியது. நம்மாள் அந்த விரதத்தை இன்றுவரை காப்பாற்றுகிறார். பீரைத் தொட்டதில்லை, சிகரெட்டைத் தொட்டதில்லை. அப்படி மிச்சமான பணம் எங்கே என்று வீட்டில் கேட்கும்போது மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவர் குரல் தழுதழுக்கும் கதை ஒன்று உண்டு. நியூயார்க்கில் ஜட்ஜ் என்று ஒரு குழு. 1989-ல் வரவேண்டிய முதல் ஆல்பத்தைச் சங் கிங் என்ற ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். போட்டுக் கேட்டால் அவர்களுக்கே பிடிக்கவில்லை. மூட்டை கட்டி ஓரம் வைத்துவிட்டு வேறு இடத்தில் முழுக்கத் திரும்பப் பாடினார்கள். ஆனால் முன்பணம் கட்டியவர்கள் காத்துக்கொண்டிருந்தார்களே! அவர்களைச் சமாதானப்படுத்த, ரெவலேஷன் கம்பெனி அந்தத் தள்ளுபடிப் பதிவையே நூற்றுச் சொச்சம் வெள்ளைத் தட்டுகளாக அழுத்தி, ஸ்டுடியோவை வைகிற மாதிரி ஒரு பெயரும் சூட்டி அனுப்பியது. பாடினவர்களே வேண்டாமென்று ஒதுக்கிய அந்தத் தட்டு இன்று கை மாறினால் ஆயிரக்கணக்கில் டாலர். நம்மாள் ஒருமுறை ஒருவர் வீட்டில் அதைத் தரிசித்திருக்கிறார்.

"கேட்க எப்படி இருந்தது?" என்றேன்.

"வெள்ளையாக இருந்தது" என்றார்.

இவர்கள் பேசும் ஆங்கிலத்துக்குத் தனி அகராதி வேண்டும். தட்டின் நிலைமையைச் சொல்லப் படிகள் உண்டு. மின்ட் என்றால் கருவறைச் சுத்தம். அடுத்து நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், அதற்கும் கீழே குட். 'குட்' என்று போட்டிருந்தால் தட்டு கீறல் விழுந்து கரகரக்கிறது என்று அர்த்தம். 'பையனுக்குச் சின்னதாக ஒரு பழக்கம்' என்று கல்யாணத் தரகர் இழுப்பாரே, அந்த ரகம்.

2014-ல் ஐகியா தன் எக்ஸ்பெடிட் அலமாரியை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. இசைத்தட்டு கச்சிதமாக நிற்கும் சதுரக் கட்டங்கள் கொண்ட அலமாரி அது. ஜெர்மனியில் எதிர்ப்பு இயக்கமே கிளம்பிவிட்டது. நம்மாளும் இங்கிருந்தபடி ஆதரவு தெரிவித்தார். அரசாங்கத்தைக் கவிழ்ப்போம் என்ற பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, கடைசியில் மர அலமாரிக்காகக் கொடி பிடித்தது. புதிதாக வந்த காலாக்ஸிலும் கட்டத்தின் உள்ளளவு அதேதான் என்று தெரிந்ததும் புரட்சி அடங்கியது.

நம்மாள் வீட்டிலிருக்கும் அந்த அலமாரியில் நேபாம் டெத் குழுவின் 1987-ஆம் வருட ஆல்பம் 'ஸ்கம்' மூன்று நிறத்தில் நிற்கிறது. அதிலுள்ள 'யூ சஃபர்' கின்னஸில் ஏறிய பாட்டு, நீளம் 1.316 வினாடி. மூன்று தட்டிலும் அந்தப் பாட்டை வரிசையாகப் போட்டாலும் நாலு வினாடிக்குள் முடிந்துவிடும். போட்டுக் கேட்டீர்களா என்றால், எங்கே நேரம் என்கிறார்.

போன மாதம் ஒரு கம்பெனி அவரைச் சோதித்துவிட்டது. உள்ளே என்ன நிறம் என்று சொல்லாமல், எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கண்ணாடித்தாளில் ஒட்டி அனுப்பியது. கிடைத்தது அரிய நிறமா, ஊரெல்லாம் கிடைக்கும் நிறமா என்று பார்க்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும். பிரித்தால் மதிப்பு போய்விடும். பிரிக்காவிட்டால் செட்டில் எந்தக் கட்டத்தை டிக் அடிப்பது? மூன்று நாள் அதை மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நாலாம் நாள் நள்ளிரவு. போர்வைக்குள் உட்கார்ந்து, போன் விளக்கை அட்டையின் விளிம்பில் பிடித்து, ஒரு கண்ணை மூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி விழித்துக்கொண்டார்.

"இந்நேரத்தில் என்ன பண்றே?"

"பாட்டுக் கேட்கிறேன்."