சம்மட்டியைக் கீழ வை மாப்ளே

வா மாப்ளே, வா. லீவுக்கு வந்தவன் ஊட்டுல பொட்டாட்டம் கெடக்காம காரை ஜாக்கியில தூக்கிட்டியாமா? பால் ஜாயிண்டும் வீல் பேரிங்கும் நீயே மாத்தப் போறேன்னு எங்கக்கா ஊரு முச்சூடும் சொல்லிட்டுத் திரியுது. செல்லுல வீடியோ பார்த்தியாக்கும்? அதுல ஒருத்தன் ஒரே தட்டுத் தட்டுனான், பேரிங்கு லொடக்குனு வந்து உழுந்துச்சு, இல்ல? துருவோட மல்லுக்கட்டுன நேரத்தையெல்லாம் அவன் எடிட்டிங்குல வெட்டிப்போட்டான் கண்ணு. உனக்கு அந்த வசதியில்லை.

கோவிச்சுக்காதே. சங்ககிரி லாரிப் பட்டறையில கிரீஸ்லயே குளிச்சவன் நான். இன்னொருத்தன் கையை அழுக்காக்கிக்கறதைத் தடுப்பனா? தாராளமாச் செய்யி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்: எந்தப் பக்கத்துப் பேரிங்கு போச்சு? "ரெண்டு செட்டு வாங்கிட்டேன் மாமா"ங்கறே. வாங்குனதைக் கேக்கலை, போனதைக் கேட்டேன்.

பேரிங்கு போனா ஊய்ங்குனு ஒரு சத்தம் வரும். வேகம் கூடக் கூட அதுவும் ஏறும். காலி ரோட்டுல 60-ல போறப்ப ஸ்டியரிங்கைச் சித்தெ வலப்பக்கம் திருப்பு. பாரம் இடப்பக்கம் சாயும். அப்பச் சத்தம் எச்சா வந்தா இடப்பக்கத்துது மேல சந்தேகப்படு. தார் ரோட்டுல ஒரு சத்தம், சிமெண்டு ரோட்டுல வேற சத்தம்னா அது டயரு. பேரிங்கு மேல பழியைப் போடாதே. நிச்சயமாத் தெரியோணும்னா, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஒரு கையால சுத்து, இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கு மேல வை. நல்ல பேரிங்குன்னா கைக்கு ஒண்ணும் தெரியாது. போனதுன்னா ஒரு நறநறப்பு ஸ்பிரிங்கு வழியா ஏறி உள்ளங்கைக்கு வந்து சேரும். காது ஏமாத்தும், கை ஏமாத்தாது.

பால் ஜாயிண்டைப் பத்தி, ஆட்டுத்தொடை கடிச்சவனுக்குத் தனியாப் பாடம் எடுக்கோணுமா? எலும்பு நுனியில உருண்டை, அது உக்கார ஒரு குழி, நடுவுல வழவழப்பு. அதேதான் இரும்புல பண்ணியிருக்கறாங்க. மேல ஒரு ரப்பர் உறை. அது கிழிஞ்சா சேத்துத்தண்ணி உள்ள போகும், கிரீஸ் வெளிய வரும், ஸ்பீடு பிரேக்கர்ல டொக்குனு கேக்கும். உன்ற வண்டி முன்பக்கத்துல இருக்கறது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டு, 1940-கள்ல ஒரு அமெரிக்க இஞ்சினியரு பண்ணுன அமைப்பு. இதுல வண்டிப் பாரம் ஸ்ட்ரட்டு வழியாவே இறங்கிடும். கீழ் பால் ஜாயிண்டு சுமக்கறதில்லை, சக்கரத்தை இடத்துல நிறுத்தி வெக்கறது மட்டுந்தான் அதோட வேலை. சுமக்கலையேன்னு அசட்டை பண்ணாதே. அது கழண்ட அன்னிக்குச் சக்கரம் மடங்கிப் படுத்துக்கும்.

சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டு. ஆடுதா? தங்கச்சியைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்னா பேரிங்கு. நிக்கலைன்னா பால் ஜாயிண்டைப் பாரு. லோயர் ஆர்முக்கும், பேரிங்கு உக்கார்ற நக்கிளுக்கும் நடுவுல கடப்பாரையைக் குடுத்து நெம்புனா அதுவே ஒத்துக்கும். இடமும் வலமும் புடிச்சு ஆட்டறப்ப மட்டும் ஆடுனா, டை ராடு எண்டு. அப்ப நீ வாங்குன ரெண்டு செட்டையும் கொலுவுல வெச்சுக்கலாம்.

அதென்ன வண்டிக்கடியில, ஹாலோ பிளாக்கா? பேஷ். செவுத்துக்குன்னு பண்ணுன கல்லு; ஒரு முனையில பாரம் ஏறுனா சொல்லாமக் கொள்ளாமத் தூளாயிரும். ஜாக்கி தூக்கறதுக்கு, ஸ்டாண்டுதான் தாங்கறதுக்கு. பின்சக்கரத்துக்கு அடைக்கட்டை போடு. கழட்டுன சக்கரத்தையும் வண்டிக்கடியில படுக்கப்போட்டு வை. ஸ்டாண்டு கைவிட்டாலும் அது கைவிடாது.

சரி, கழட்டு. ஆனா வண்டியை எறக்கிட்டு. டிரைவ் ஷாஃப்ட்டு நட்டை, சக்கரம் தரையில நிக்கறப்பவே, பிரேக்கை மிதிச்சுட்டு இளக்கோணும். நட்டோட ஓரத்தைக் குழிக்குள்ள தட்டி மடக்கியிருப்பான். மொதல்ல அதை நிமித்து. பிரேக் கேலிப்பரைக் கழட்டுனா ஓசுல தொங்க உடாதே, கட்டுக்கம்பியில ஸ்பிரிங்கோட கட்டு. டிரைவ் ஷாஃப்ட்டை வெளிய இழுக்காதே. உள் ஜாயிண்டு கழண்டா கியர் ஆயிலு வாசல்ல கோலம் போடும். ஸ்ட்ரட்டு போல்ட்டைக் கழட்டறதுக்கு முந்தி அது இருந்த இடத்துல ஒரு கீறல் போட்டு வை. பால் ஜாயிண்டு குச்சி ஒருசில வண்டியில கிளாம்ப் போல்ட்டுல நிக்கும். போல்ட்டு குச்சியோட பள்ளத்துல படுத்திருக்கறதால, அதை முழுசா உருவுனாத்தான் வரும். ஒருசில வண்டியில டேப்பரா எறங்கி நிக்கும். அதுக்குப் புல்லர் போடு, இல்லீன்னா நட்டை நாலு புரி உட்டுட்டு நக்கிள் காதுக்குப் பக்கவாட்டுல தட்டு. குச்சி நுனியில அடிச்சயின்னா புரி நசுங்கும், அப்பறம் நட்டு நாளைக்கும் வராது.

இப்பத்தான் மாப்ளே, உன்ற சம்மட்டிக்கு வேலை வருது. லாரி ஹப்புல டேப்பர் ரோலர் பேரிங்கு: கழட்டலாம், கழுவலாம், கிரீஸ் அடைக்கலாம், நட்டை முறுக்கிச் சித்தெ தளர்த்தி விடலாம். கொஞ்சம் முரட்டுத்தனம் பண்ணுனாலும் மன்னிச்சுக்கும். உன்ற கார்ல இருக்கறது சீல் வெச்ச ரெண்டு வரிசைக் குண்டு பேரிங்கு, நக்கிளுக்குள்ள இறுக்கமா ஏத்துனது. அதைச் சம்மட்டியில ஏத்து, நெம்ப நல்லது. ஒவ்வொரு அடிக்கும் குண்டு, தான் ஓடற ரேஸ் வளையத்துல பள்ளம் போடும். புதுப் பேரிங்கு பழைய பாட்டையே பாடிட்டு வரும். கடைக்காரனும் புள்ளை குட்டிக்காரன்தான், அவனுக்கும் ஏவாரம் ஆகட்டும். ரேஸ் இரும்பு கடினம் பண்ணுனது, அடிச்சாச் சில்லாத் தெறிக்கும். கண்ணாடி போடாம அடி, கண்ணாஸ்பத்திரிக்காரனும் பொழைக்கட்டும்.

பேரிங்கை பிரிஜ்ஜுல வெச்சா சுருங்கிப் பொத்துனு உழுந்துருமாமா? 70 மில்லிமீட்டர் பேரிங்கு ஃப்ரீசர் குளிருக்கு மில்லிமீட்டர்ல நூத்துக்கு நாலு பங்குதான் சுருங்கும். ஒத்தாசைக்கு ஆகும், வேலைக்கு ஆகாது. அதனால, நக்கிளைச் சாக்குல கட்டி லேத் பட்டறைக்குக் கொண்டு போ. நேரம் முச்சூடும் போறது கழட்டறதுலயும் மாட்டறதுலயுந்தான். அது உன்ற ஒடம்போட போச்சு, கூலி மிச்சம். பிரஸ்ல அழுத்தறது டீ குடிக்கற நேரம். அதுக்கு ஒரு பிரஸ் வாங்கப் போறேன்னா, பேரிங்கை மிச்சம் புடிச்சு ஊட்டை அடமானம் வெச்ச கதை.

அங்க போயும் கண்ணை மூடிட்டு நிக்காதே. பேரிங்கை நக்கிளுக்குள்ள ஏத்தறப்ப வெளி ரேஸ்ல அழுத்தோணும். ஹப்பைப் பேரிங்குக்குள்ள ஏத்தறப்ப உள் ரேஸுக்கு அடியில முட்டுக் குடுக்கோணும். மாத்திப் பண்ணுனா அழுத்தம் குண்டு மேல போகும். அப்பச் சம்மட்டி என்ன, பிரஸ் என்ன. ஹப்போட ஒட்டிட்டு வர்ற பழைய உள் ரேஸை எடுக்காம விட்டுறாதே. பேரிங்கு நழுவாமப் புடிக்கற சர்க்கிளிப்பை மறக்காதே. 2019 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த கார்ல ஏபிஎஸ் கட்டாயம். பேரிங்குல காந்த வளையம் இருந்தா அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உக்காரோணும். திருப்பிப் போட்டா டேஷ்போர்டுல வெளக்கு எரியும், அதை அணைக்க மறுபடி மொதல்ல இருந்து.

மாட்டறப்ப நட்டும் காட்டர் பின்னும் புதுசாப் போடு. பால் ஜாயிண்டு குச்சியில காட்டர் பின் ஓட்டை நேரா வரலைன்னா நட்டை அடுத்த வெட்டுக்கு முறுக்கு, பின்னால தளர்த்தாதே. ஷாஃப்ட்டு நட்டுக்குப் புஸ்தகத்துல போட்ட அளவுதான். 200 நியூட்டன் மீட்டர்னா, ஒரு மீட்டர் பைப்பு நுனியில 20 கிலோ தொங்கறாப்புல; உன்ற கைக்கணக்கை நம்பாம டார்க் ரென்ச்சு எரவல் வாங்கு. அந்த நட்டு இறுகாம சக்கரத்துல பாரம் ஏத்தி உருட்டுனா, புதுப் பேரிங்கு வாசல்லயே செத்துப்போகும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி தரையில நின்ன பொறகு முறுக்கு; அந்தரத்துல முறுக்குனா ரப்பரு முறுக்கிட்டே கெடந்து கிழியும். அப்பறம் நேரா அலைன்மெண்டுக்குப் போ.

எல்லாம் முடிஞ்சா மொதல் ஓட்டம் நீ மட்டும் போ. ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டி, சக்கர நட்டுகளை மறுபடி ஒருக்கா முறுக்கிப் பார்த்துட்டு, பொறகு எங்கக்காளை ஏத்திக்கோ. எனக்கு இருக்கறது ஒரே அக்கா, மாப்ளைக நாலு பேரு இருக்கறீங்க.