மேல்மாடிக்காரர் தன் வீட்டைத் தானே குளிர்விப்பது எப்படி?

திருச்சியிலோ வேலூரிலோ அடுக்ககத்தின் கடைசி மாடியில் குடியிருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. பங்குனி பாதியிலேயே உங்கள் தலைக்கு மேலுள்ள கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடிக்க ஆரம்பித்துவிடும். குடித்ததை ராத்திரி நீங்கள் பாய் விரித்த பிறகுதான் இறக்கிவைக்கும். மின்விசிறி அந்த அனலை வீட்டிலுள்ள அனைவருக்கும் பாரபட்சமின்றிப் பரிமாறும்.

படி 1: மொட்டைமாடியை மறந்துவிடுங்கள்

வெயிலைத் தளத்துக்கு மேலேயே மறிப்பதுதான் முறை. பழைய மெட்ராஸ் வீடுகளில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து, தட்டோடு பதித்தார்கள். இன்றைக்கு வெள்ளை கூலிங் டைல்ஸோ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை பெயிண்டோ போதும். ஆனால் மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. அதன் சூட்டுக்கு மட்டும்தான் உங்கள் பேரில் பட்டா. செலவைப் பங்கு போடலாமா என்று அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். தரைத்தளத்துக்காரர், “எங்க வீட்ல ஃபேனே தேவைப்படல சார்” என்பார். ஆகவே, கீழிருந்தே ஆரம்பிப்போம்.

படி 2: தெர்மாகோல் வாங்குங்கள்

வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமலிருக்க 2017இல் தெர்மாகோல் மிதக்கவிட்டார்கள். காற்று அதைக் கரைக்குத் தள்ளிவிட்டது. உங்கள் வீட்டுக்குள் காற்றே வராது என்பதால் வெற்றி வாய்ப்பு அதிகம். தெர்மாகோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு காற்றுதான்; சூட்டைத் தடுப்பதும் அதில் அடைபட்ட அந்தக் காற்றே. காசு கொடுத்துக் காற்று வாங்குகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்ல வேண்டாம்.

தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். எனவே கூரைக்கு அடியில் பொருத்திய பிறகு அதை ஜிப்சம் போர்டால் மூட வேண்டும். போர்டைத் தாங்க இரும்புச் சட்டம் வேண்டும். சட்டத்தைத் தாங்கக் கூரையில் துளை போட வேண்டும். ஃபேனுக்குப் போகும் ஒயர்க்குழாய் எந்த வழியாக ஓடுகிறது என்பது கட்டியவருக்குத்தான் தெரியும். அடுத்தபடியாக உங்கள் டிரில்லுக்குத் தெரியும். மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறுங்கள். இந்த ஒரு வரியில் மட்டும் விளையாட்டு இல்லை.

படி 3: மேற்குச் சுவரைப் பூசுங்கள்

அரை அங்குல சிமெண்ட் பூச்சு மாலை வெயிலை மறிக்கப் போவதில்லை. ஆனாலும் வருகிறவர் கண்ணில் படுவது பூச்சுதானே, பூசுங்கள். பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, செங்கல்லை நனையுங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலைந்து பங்கு சலித்த பி-சாண்ட். எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கானது, கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் பி-சாண்ட் என்றுதான் கொடுப்பார். தண்ணீர் ஊற்றி அரைமணி, முக்கால்மணிக்கெல்லாம் சாந்து இறுக ஆரம்பித்துவிடும். செய்முறை வீடியோவை இன்னொரு தடவை பார்க்க அது அவகாசம் தராது.

கொத்தனார் கரண்டியால் வீசினால் சாந்து சுவரில் ஒட்டும். நீங்கள் வீசினால் பாதி தரைக்குப் போகும். தரையையும் பூசியதாகக் கணக்கில் வையுங்கள். மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேயுங்கள். தூக்குக்குண்டை மட்டும் வெளியில் எடுக்காதீர்கள். சுவர் கோணல் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அது பேச்சை மாற்றாது. அந்த இடத்தில் பீரோவை வையுங்கள்.

தெரிந்த மேஸ்திரி யாராவது வந்தால் விரல்முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்து, “உள்ள காத்து நிக்குது சார்” என்பார். “வெயிலுக்காகத்தான் மேஸ்திரி விட்டிருக்கேன்” என்று சொல்லுங்கள்.

படி 4: தண்ணீர் காட்டுங்கள்

பூசிய சுவரை ஏழு நாள் காயவிடாமல் நனைக்க வேண்டும். ஜிப்சம் பூச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதை வாங்கினால் இந்தத் திட்டத்தின் ஒரே லாபம் போய்விடும். ஏனென்றால் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும், மண்பானையில் நடப்பதுபோல. அந்த ஏழு நாளும் மேற்கு அறை உண்மையிலேயே ஜில்லென்றிருக்கும். மைத்துனரையும், செலவைக் கேள்வி கேட்ட மாமனாரையும் அந்த வாரமே சாப்பிடக் கூப்பிட்டுவிடுங்கள். “என்ன மாப்பிள்ளை, ஏசி போட்டுட்டீங்களா?” என்று அவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் சாம்பார் ஊற்றுங்கள்.

வர முடியாதவர்களை மார்கழியில் வரச் சொல்லுங்கள். அப்போது ஊரில் எல்லார் வீடும் குளிர்ந்திருக்கும். உங்கள் வீடு மட்டும் இன்சுலேஷனால் குளிர்ந்திருக்கும்.