அல்கலைன் வயிறும் சாக்கடைக் குடலும்

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் சொட்டு மருந்து விடுகிறார் ஒருவர். குழாய்த் தண்ணீர் பச்சையாக நிற்கிறது. அவருடைய கருவி கக்கிய தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகிறது. "பாத்தீங்களா மேடம், இதுதான் அல்கலைன். வயித்துல இருக்குற ஆசிட்டை எல்லாம் எடுத்துடும்." கருவி விலை லட்சத்தைத் தாண்டும். தவணை வசதி உண்டு.

எடுத்துவிடுமாம்! அந்த அமிலம் என்ன, வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரனா, காலி பண்ணச் சொல்ல? நாளொன்றுக்கு இரண்டு லிட்டர்போல இரைப்பைநீரைச் சுரந்து கொட்டுகிறது வயிறு. புரதத்தை வெட்டும் பெப்சினுக்கு அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இல்லாமல் கை ஓடாது. சோற்றோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவை சாவதும் அதில்தான். லட்ச ரூபாய்த் தண்ணீர் உள்ளே இறங்கினால், இரைப்பை இன்னும் கொஞ்சம் அமிலம் சுரந்து அதன் கதையை முடித்துவிடும். அடுத்து முன்சிறுகுடலில் கணையநீர் வந்து எல்லாவற்றையும் காரமாக்கும். இலவசமாக, ஜிஎஸ்டிகூட இல்லாமல்.

பணம் கொழுத்தவர்கள் ஏமாந்தால் ஏமாறட்டும். நமக்கு வயிற்றெரிச்சல் வேறிடத்தில்.

சிறுகுடல் ஆறு மீட்டர் நீளம். அதன் உட்சுவர் முழுக்க, ஒரு மில்லிமீட்டர் அளவிலான குடலுறிஞ்சிகள். மாவுச்சத்து சர்க்கரையாகவும் புரதம் அமினோ அமிலமாகவும் உடைந்தபின் அவற்றை ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்பவை இவைதான். மலக்கிருமி கலந்த தண்ணீரையே நாளும் குடிக்கிற குழந்தைக்கு இந்த உறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிப் போகின்றன. குடல்சுவர் கசியத் தொடங்குகிறது. பேதி போகாமலேகூட இது நடக்கும். அப்புறம் முட்டை கொடுத்தாலும் உடம்பில் சரியாக ஒட்டாது. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. காரணங்கள் பல. குடிநீர்க் குழாயும் அவற்றில் ஒன்று என்று சொல்லிப் பாருங்கள், அதிகாரிகளுக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. எந்த ஆய்வகமும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. குழந்தைகளின் வயிறுதான் சொன்னது. இந்த நாட்டில் குடிநீரைப் பரிசோதிக்க நியமிக்கப்பட்ட, சம்பளமில்லாத ஊழியர்கள் அவர்கள்தாம்.

அரசு சும்மா இருக்கிறது என்று யாரும் நாக்கூசாமல் சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம் வருகிறது. பயறு, கேழ்வரகு, கேரட் எல்லாம் பரப்பிக் கோலம் போடுகிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள், படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்புகிறார்கள். சாக்கடைக்குள் முங்கிக் கிடக்கும் குழாயை நிமிர்த்த வக்கற்ற நிர்வாகம், அதே குழாயடியில் நிற்கும் தாய்மார்களைக் கூட்டிவைத்து வகுப்பெடுக்கிறது: பிள்ளைக்கு ஊட்டுமுன் கையை நன்றாகக் கழுவ வேண்டுமாம்.

எந்தத் தண்ணீரில்?