சட்டையா, சான்றிதழா?

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு தூத்துக்குடியில் கல்லூரி சேருகிறேன். புதுச் சட்டை எத்தனை எடுக்கலாம்?
– மாணவர், புதியம்புத்தூர்

பதில்: ஊரே ரெடிமேட் தைத்து வெளியூருக்கு அனுப்புகிறது; நீர் என்னிடம் சட்டைக் கணக்கு கேட்கிறீர்! இருக்கிற இரண்டைத் துவைத்துப் போடும். காகிதத்தைக் கவனியும். டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எல்லாவற்றையும் ஐந்தாறு ஜெராக்ஸ் எடும். ஒரிஜினலைக் கல்லூரியில் கொடுத்தபின் கேட்டால் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் போம். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லையென்றால் முதல் பட்டதாரி சான்றுக்கும் அங்கேயே எழுதிப்போடும்.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியென்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாக. பணம் வங்கிக் கணக்கில்தான் விழும். அதில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று நாளைக்கே போய்க் கேளும்.