குட்டி முயலா, கொஞ்சம் பெரிய முயலா?

கேள்வி: இப்போதுதான் குரோஷே ஊசி பிடிக்கிறேன். கட்டைவிரல் உயர முயல் பொம்மையில் ஆரம்பிக்கலாமா? சின்னது என்றால் சுலபம்தானே?

பதில்: முயல் சரி, அளவுதான் தப்பு. பொம்மை சிறுத்தால் வேலை சிறுக்காது. உங்கள் கண்தான் சிறுத்துப்போகும்! அமிகுருமி எனும் குரோஷே பொம்மையின் உருண்டைக்குக் கணக்கு ஒன்றே: நடுவளையத்தில் 6 கண்ணி, அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24. நூல் மெலிந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. கண்ணி மட்டும் கண்ணுக்குத் தப்பும். சுற்றுகளைக் குறைத்துச் சிறிதாக்கலாமே என்பீர்கள். அப்போது 6 கண்ணிக் குழாயாக நிற்கும் காலுக்குள் விரலும் நுழையாது, பஞ்சும் லேசில் இறங்காது. அதனால் கனமான நூலில் கொஞ்சம் பெரிய முயலாகப் பின்னுங்கள். கனமான நூலென்றால் இடைவெளியில் பஞ்சு எட்டிப்பார்க்குமே என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து ஊசியில் இருக்கிறது: நூல் உறையில் 5 மி.மீ. என்றிருந்தால் 3.5 அல்லது 4 எடுங்கள், பின்னல் நெருங்கிவிடும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணியை எண்ணுவது பெரும்பாடு. சுற்றுகள் திருகலாகத் தொடர்வதால் தொடக்கம் தெரியாது. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஓர் ஊக்கு மாட்டுங்கள். கைக்குழந்தைக்கான பொம்மை என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டவே வேண்டாம். கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள்.